ஜோடி கிடைக்காத கனெக்டர்

என் தங்கை வேம்புவின் மூத்த மகள் கலையரசி அரியலூரில் எலக்ட்ரானிக் சாமான் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள். முன்பு பெரம்பலூரில் அவள் புருசனும் அவன் அண்ணன் பூமாலையும் சேர்ந்து கடை நடத்தினார்கள். வேலை செய்தது தம்பி, கல்லாவில் உட்கார்ந்தது பூமாலை. தம்பி செத்த பதினாறாம் நாள், "இனி இந்தப் படிய மிதிக்காத" என்று கலையரசியை வெளியே தள்ளினான் பூமாலை. ஏழு வருசமாக அவள் அதை மறக்கவில்லை.

போன மாசம் அவனே அவள் படி ஏறினான். ரிமோட் கார் பந்தயப் பைத்தியம் அவனுக்கு. பேட்டரி ஒயர் முனையில் இருக்கும் கனெக்டரை அதன் ஜோடியில் செருகிக்கொள்ளாமல் தனியாக வைத்து ஈயம் பற்றவைத்திருக்கிறான். சூட்டில் பிளாஸ்டிக் இளகி, உள்ளே இருந்த உலோக ஊசி கோணிவிட்டது.

"ஞாயித்துக்கெழம சிறுவாச்சூர்ல பந்தயம். நீதான் புள்ள சரி பண்ணணும்."

"பாத்தாலே ஒங்க கைவேலன்னு தெரியுது மாமா. ஒக்காருங்க."

காரிலும் பேட்டரியிலும் பழசை வெட்டிவிட்டு வேறு வகைக் கனெக்டர் வைத்தாள். சிவப்பு சிவப்போடு, கறுப்பு கறுப்போடு. ஈயம் கண்ணாடியாய் மின்னியது. கார் பறந்தது.

வீட்டில் சார்ஜரில் மாட்டினால் சேரவில்லை. பெரம்பலூர்க் கடை எதிலும் அதற்கு ஜோடியில்லை. போன் போட்டான்.

"அதுக்குச் சேர்ற சார்ஜர் எங்கிட்டதான் இருக்கு மாமா. வேணும்னா என் படிய மிதிங்க."

இப்போது சனிக்கிழமைதோறும் பேட்டரியோடு பஸ்ஸில் வந்து வாசலில் நிற்கிறான் பூமாலை. கலையரசி உடனே உள்ளே கூப்பிடுவதில்லை.