எதிராளிக்கு எடுத்துக்கொடுக்கும் வீட்டுக்காரர்

தர்க்கம் சொல்லிக்கொடுக்கும் வாத்தியாருக்கு மனைவியாக இருப்பதும் முழுநேர வேலைதான். லீவு மட்டும் கிடையாது. என்னைப்போல மாட்டிக்கொண்ட சகோதரிகளுக்கு இது புரியும்.

என் வீட்டுக்காரர் கோவையில் ஒரு கல்லூரியில் தத்துவத் துறைத் தலைவர். இத்தனை வருஷம் அவர் வகுப்பில் சொன்னதும் புத்தகமாக எழுதியதும் ஒரே கருத்துதான்: எதிராளியின் வாதத்தை மறுக்கும் முன், அதை அவரைவிட நன்றாக நாம் எடுத்துச் சொல்ல வேண்டும். நானோ கான்வென்ட்டில் டிபேட் கப் வாங்கியவள். எதிராளிக்கு எடுத்துக்கொடுக்க எங்கள் சிஸ்டர்கள் கற்றுத்தரவில்லை. போதாக்குறைக்கு, இந்த வருஷம் துறையில் சேர ஆளில்லை, மூடப்போகிறார்கள் என்று பேச்சு.

வடகத்தின் மேல் ஈரத்துணி

எங்கள் போத்தனூர் அபார்ட்மெண்ட்டில், மேல் வீட்டுத் துணி சொட்டிச் சொட்டி என் வடகமெல்லாம் கூழாகிவிட்டது. சண்டைக்குப் போனேன், துணைக்கு இவரைக் கூட்டிப்போனதுதான் தப்பு. "கைக்குழந்தை இருக்கிற வீடு. வெயில் விழறது அந்தப் பக்கம் மட்டும்தான். உள்ளே போட்டா வாடையடிக்கும், பாவம்" என்று ஆரம்பித்தார். இவர் எங்கள் தரப்புப் பதிலுக்கு வருவதற்குள் அந்த மேல் வீட்டுப் பெண் முகம் மலர்ந்து சொன்னாள்: "ஏனுங்கக்கா, சாரே சொல்லிப்போட்டாரு, இன்னொரு கயிறும் கட்டிக்கட்டுங்களா?"

பெண் பார்க்க வந்தவர்கள்

என் மகளைப் பார்க்கக் கிணத்துக்கடவிலிருந்து வந்தார்கள், தென்னந்தோப்புக்காரர்கள். பெண் பெங்களூரில் வேலை பார்ப்பதைப் பற்றி மாப்பிள்ளையின் அம்மா லேசாக இழுத்தார். அவ்வளவுதான், அவர்கள் தயக்கத்தை இவர் விரித்தார் பாருங்கள்! தோப்பு ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம், நடுவில் ரயிலிலேயே குடித்தனம். சமையலறையில் என் மகள் வாயைப் பொத்திச் சிரித்தாள். அவளுக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்தம்மா எழுந்து கும்பிட்டார்: "இத்தனை சங்கடம் எங்களுக்குத் தோணவே இல்லீங்க. நல்லவேளை சொன்னீங்க, வாரோமுங்க."

செயலாளர் வந்த நாள்

கடைசியில் கல்லூரிச் செயலாளரே வீட்டுக்கு வந்தார். துறையை மூடுகிறோம் என்று சொல்ல வந்த மனுஷர், மரியாதைக்காரர், வாய் வராமல் மழையையும் முறுக்கையும் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். பொறுக்காமல் இவரே ஆரம்பித்தார்: பிள்ளைகள் சேருவதில்லை, படித்தால் என்ன வேலை என்று பெற்றோர் கேட்கிறார்கள், அந்த அறை கிடைத்தால் கம்ப்யூட்டர் வைக்கலாம். எனக்குக் கரண்டியை எறியலாம் போலிருந்தது. செயலாளர் நிம்மதியாகத் தலையாட்டினார்.

"இனி என் பதிலைச் சொல்லட்டுங்களா?" என்றார் இவர். "கம்ப்யூட்டர் பசங்க இன்டர்வியூவுல ஏன் தோக்கறாங்க? எதிர்ல இருக்கறவர் என்ன கேக்கறார்னே காதுல வாங்கறதில்லை. தனி டிகிரிக்கு ஆள் வேண்டாமுங்க. எல்லா வகுப்புக்கும் வாரம் ஒரு மணி நேரம் எங்களுக்குக் குடுங்க, போதும்."

செயலாளர் கையிலிருந்த முறுக்கைத் தட்டில் வைத்தார். பிறகு, "எம்பட கட்சியை நானே இத்தனை நல்லாச் சொல்லியிருக்க மாட்டனுங்க சார். அதையே இவ்வளவு நேர்மையாச் சொன்னவர், உங்க கட்சியை மட்டும் ஏமாத்தியா சொல்லப்போறீங்க? கமிட்டியில நான் பேசிக்கறேன், உங்க பதிலை இன்னொருக்காச் சொல்லுங்க, மனசுல வாங்கிக்கறேன்" என்றார்.

கமிட்டி ஒப்புக்கொண்டது, துறை பிழைத்துவிட்டது. இனி கல்லூரி முழுக்க இவர் பாணியில் பேசப் பழகப்போகும் பையன்களை நாளைக்குக் கட்டிக்கொள்ளப்போகிற பெண்களை நினைத்தால்தான் எனக்குப் பாவமாக இருக்கிறது.