அமீனா வீட்டம்மா

ஊர் அடங்கிய பிறகு வாசலில் 'டம்... டம்...' என்று சத்தம் வந்தால் மற்ற வீட்டில் எழுந்து எட்டிப் பார்ப்பார்கள். அமீனா பெண்டாட்டி குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடப் பார்ப்பாள். இந்த உத்தியோகத்தின் லட்சணம் இதுதான். கோர்ட்டில் சம்பளம் வாங்குவது இவர். பயப்படுகிற வேலை முழுக்க என்னுடையது.

ஜட்ஜ் தீர்ப்பு எழுதிவிட்டுக் காபி சாப்பிடப் போய்விடுவார். வக்கீல்கள் கோட்டைக் கழற்றிவிடுவார்கள். அந்தத் தீர்ப்பை ஒருவர் வீட்டு வாசலுக்கோ வயலுக்கோ கொண்டுபோய்க் காட்ட வேண்டியவர் அமீனா. சம்மன், ஜப்தி, நிலத்தை ஒப்படைப்பது எல்லாம் அவர் தலையில்தான். வெண்ணாற்றுப் பக்கத்தில் ஒரு கரையில் சிவப்புக் கொடியும் மறு கரையில் மிராசுதார் ஆட்களும் நிற்கிற காலத்தில், இவர் ஒரு சைக்கிளும் ஒரு காகிதமுமாக நடுவில் போகிறார். கோர்ட்டுக்குள்ளேயே உட்கார்ந்து எழுதுகிற நகல் பிரிவுக்கு மாற்றல் கேட்டு எழுதிப் போட்டிருக்கிறோம். அது வருகிறவரை இவர் முழுசாக வீடு திரும்ப வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு பிரார்த்தனை கிடையாது. வட்டிக்கடைக்காரர், போலீஸ்காரர், கரண்ட்டைப் பிடுங்குகிறவர் ஆகியோரைக் கட்டிக்கொண்ட சகோதரிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டாம்.

தூறலில் தமுக்கு

மேலே சொன்ன சத்தம் நிஜமாகவே ஒரு ராத்திரி கேட்டது. விட்டு விட்டு, ஒரே அளவாக, யாரோ பொறுமையாக அடிப்பது போல. குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் பாதியும் தமிழில் பாதியுமாக எனக்குத் தெரிந்த ஜெபமெல்லாம் சொல்லி முடித்தேன். இவரோ குறட்டை. உலுக்கி எழுப்பினேன். லாந்தரை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தார்.

நிலத்தை ஒப்படைக்கும்போது ஊரறியத் தமுக்கு அடிப்பது வழக்கம். அடிக்கிறவர் அன்று மழையென்று தமுக்கை எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கூரை ஓட்டிலிருந்து சொட்டுகிற தண்ணீர் தோலின் நட்ட நடுவில் விழுந்துகொண்டிருந்தது. அதை நகர்த்தி வைத்துவிட்டு வந்து படுத்த இவர் எனக்குச் சொன்ன ஆறுதல்:

"நம்மளத் தேடி வர்றவன் தமுக்கு அடிச்சுக்கிட்டா வருவான்? சத்தமில்லாமத்தான் வருவான். தூங்கு."

அடுத்த வீட்டு ஆமினா

அடுத்த வீட்டில் ஆமினா அக்கா இருக்கிறார். கூத்தாநல்லூரில் பிறந்தவர், கணவர் சிங்கப்பூரில் கடை வைத்திருக்கிறார். நாங்கள் குடிவந்த வாரமே வாசலில் நின்று ஒருவர், "அமீனாவா கொக்கா, வெளியே வாய்யா!" என்று கத்தினார். எங்கள் கதவு திறப்பதற்கு முன், தன் பேரைத்தான் கூப்பிடுகிறான் என்று அக்காவின் கதவு திறந்தது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவர் கேட்ட கேள்விகளில் கத்தியவர் சைக்கிளை மறந்துவிட்டு நடந்தே போனார்.

அன்றைக்குத்தான் எனக்கு முதல் பாடம். அரபியில் ஆமினா என்றால் பயமில்லாமல் பத்திரமாக இருப்பவள் என்று பொருளாம். அமீன் என்றால் நம்பி எதையும் ஒப்படைக்கத் தக்கவர். நபிகள் நாயகத்தையே ஊர் ஜனங்கள் அமீன் என்றுதான் அழைத்தார்களாம். இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை. இதைச் சொல்லிவிட்டு, கறி மணக்கிற கையால் என் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளி அக்கா கேட்டார்:

"பயமில்லாதவன்னு எனக்குப் பேரு, சரி. களத்து நெல்லை அளந்து எடுத்துட்டுப் போறாரே உங்க வூட்டுக்காரரு, அவருக்கு நம்பிக்கையானவர்னு எந்தப் புண்ணியவான் தங்கச்சி பேரு வச்சான்?"

தமிழ் ஐயாவின் தீர்ப்பு

எதிர் வீட்டில் பள்ளிக்கூடத்துத் தமிழ் ஐயா. ஆட்சி மாறிய நாளிலிருந்து தெருவில் உள்ள எல்லாச் சொற்களுக்கும் அவர்தான் பொறுப்பு. பேக்கரியை அடுமனை ஆக்கினார், சலூனை முடிதிருத்தகம் ஆக்கினார். இரண்டு கடைக்காரர்களும் பலகை எழுதிய செலவை இன்னும் சொல்லிக்காட்டுகிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"அமீனா என்பது நம் சொல் இல்லையம்மா. உங்கள் கணவர் இனிமேல் 'பற்றுநர்' என்று கையெழுத்திட வேண்டும். ஆரியம் எப்படியெல்லாம் நுழைந்திருக்கிறது பாருங்கள்!" என்றார். இவர் செருப்புக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். கான்வென்டில் படித்தவள் தமிழ்ச் சொல்லைப் பற்றி வாய் திறக்கலாமா என்று யோசித்துவிட்டு, அது அரபியில் பிறந்து, பாரசீகம் பேசிய நவாபு சர்க்கார் கச்சேரிகள் வழியாக நம் கோர்ட்டுக்குள் வந்த சொல்லாம் என்றேன். ஐயா டம்ளரை எடுத்தார். காபியை ஆற்றினார். குடித்தார். பிறகு டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்:

"அரபியா? அப்படியானால் இருந்துவிட்டுப் போகட்டும். வடமொழியோ என்று பயந்துவிட்டேன்."

கடைசி வார்த்தை

ஒப்படைப்புக்குப் போன இடத்தில் ஒருநாள் கல் விழுந்து இவர் காது கிழிந்து வந்தார். மறுநாளே குழந்தையோடு பஸ் ஏறித் தஞ்சாவூர் கான்வென்டுக்குப் போனேன். எங்களுக்கு வேதபாடம் எடுத்த சிஸ்டர் மங்களூர்க்காரர். அழுது தீர்த்துக்கொள்ள அவரைவிட நல்ல ஆள் எனக்கு இல்லை.

சிஸ்டர் என் அழுகையை விட்டுவிட்டு 'அமீனா'வைப் பிடித்துக்கொண்டார். அவர் ஊரில் அமீன் என்பது குடும்பப் பெயராம்; கடலில் வலை போடுகிற வீடுகளில்கூட உண்டாம். அது எங்கிருந்து வந்ததென்று அவருக்கும் தெரியவில்லை. ஆனால் ஜெபத்தின் முடிவில் நாம் சொல்கிற 'ஆமென்' எபிரேயச் சொல், அரபி அமீனுக்கு ஒட்டிப் பிறந்த உறவு, மசூதியில் 'ஆமீன்' என்பதும் அதுவே என்று கரும்பலகை இல்லாத குறையாக விளக்கினார். உறுதியானது, நம்பத்தக்கது, அப்படியே ஆகட்டும் என்றெல்லாம் அர்த்தமாம். "சிஸ்டர், இவருக்குக் காது கிழிந்துவிட்டது" என்றேன் மறுபடியும். அதற்கு அவர் என் தலையில் சிலுவை வரைந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னது:

"ஜெபமெல்லாம் முடிஞ்சாத்தான் ஆமென் வரும். கேஸெல்லாம் முடிஞ்சாத்தான் உன் புருஷன் வர்றார். கடைசியில வர்றவங்களைத்தான் குழந்தே, எல்லாரும் உரக்கக் கூப்பிடுவாங்க."

சிரஸ்தார் சொன்ன சரித்திரம்

காது ஆறுவதற்குள் மாற்றல் என்ன ஆயிற்று என்று கேட்க நானே கோர்ட்டுக்குப் போனேன். சிரஸ்தார், அதாவது தலைமைக் குமாஸ்தா, தஞ்சாவூர் மராட்டியர். வீட்டில் மராத்தி, ஆபீசில் இங்கிலீஷ், கோபத்துக்குத் தமிழ்.

அன்று கோபமில்லை; அதுதான் என் கஷ்டகாலம். வடக்கே அமீன் என்றால் நிலம் அளக்கிறவர், அங்கே பிறந்திருந்தால் உன் புருஷன் கையில் அளக்கிற சங்கிலி இருந்திருக்கும் என்றார். எங்கள் ராஜாக்கள் காலத்தில் குத்தகைக்கு விடாமல் சர்க்காரே விளைச்சலைப் பங்கு போட்ட நிலத்துக்கு 'அமானி' என்று பெயர், அதுவும் இந்தக் குடும்பம்தான் என்றார். இடுப்பில் குழந்தை ஈரம் பண்ணிவிட்டது. "சார், மாற்றல்?" என்றேன். ஒரு புகார் கூட இல்லாமல் இருந்தால் மேலே பரிந்துரைப்பதாகச் சொன்னார். புகார் வந்தால் மாற்றல் என்ன, வேலையே இருக்காது என்பதையும் சேர்த்துச் சொன்னார். எப்போது வரும் என்று கேட்டதற்குத்தான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்:

"அந்த வார்த்தையே அரேபியாவுலேர்ந்து தஞ்சாவூர் வந்து சேர எத்தனை நூறு வருஷம் ஆச்சு? ஆர்டர் வரும்மா, அவசரப்படாதே."

அண்டா

இன்று மத்தியானம் இவர் சாப்பிட்டுவிட்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு ஜப்தி இருப்பதாகவும் போகிற வழியில் இரண்டு சம்மன் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லிக் கிளம்பினார். குத்தகை பாக்கிக்காக மிராசுதார் வாங்கிய தீர்ப்பு. ஊரே கொதித்துக்கொண்டிருக்கிறது என்று ஆமினா அக்கா ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

சைக்கிள் தெருமுனை திரும்பியதும் கொல்லைக் கதவைத் தட்டும் சத்தம். ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். தலையில் சாக்குப் போட்டு மூடிய பெரிய அண்டா. கேட்காமலே உள்ளே வந்து கிணற்றடியில் இறக்கினாள்.

"இது இங்க இருக்கட்டும்மா. நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்."

"யாரும்மா நீ? இது என்னது?"

"ஆத்துக்கு அந்தாண்ட. எங்க வூட்டுக்குத்தாம்மா ஐயா ஜப்திக்கு வர்றாரு. எந்த வூட்ல ஒளிச்சாலும் பூந்து பாத்துடுவாங்களாம். அமீனா வூட்ட மட்டும் அமீனா பாக்க மாட்டாருல்ல?"

சாக்கை விலக்கிப் பார்த்தேன். சீர் கொடுத்த பித்தளை அண்டா. கழுத்தைச் சுற்றி, அரை மைல் தூரத்திலிருந்து படிக்கலாம் போல, 'பாக்கியத்துக்கு அப்பா அம்மா சீர்' என்று பேர் வெட்டியிருந்தது. ஒளிக்கிற சாமானிலேயே பேர், கொண்டுவந்த இடம் அமீனா வீடு! யாராவது பார்த்தால் புகார் என்ன, இவர் ஜெயிலுக்கே போவார். சாக்கை அவசரமாக இழுத்து மூடினேன்.

ஆமினா அக்கா மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "நம்பி வந்து குடுத்தா அது அமானிதம் தங்கச்சி. திருப்பிக் குடுக்கற வரைக்கும் காப்பாத்தணும்னு எங்க மார்க்கத்துல உண்டு" என்றார். அதுவும் அமீன் குடும்பத்துச் சொல்தானாம்! எனக்கு வந்த கோபத்தில், இன்னும் ஒரே ஒரு பாஷையில் யாராவது ஒரு அர்த்தம் சொன்னாலும் அண்டாவைத் தூக்கிக் கிணற்றில் போடுவேன் என்று கத்திவிட்டேன். பாக்கியம் அழ ஆரம்பித்தாள். அவள் அழுததும் என் குழந்தை அழுதது.

பிறகு என்ன செய்வது? ஒரு அமீனா பெண்டாட்டிக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "இத எடுத்துக்கிட்டு வரப்பு வழியா ஓடு. வூட்டுக்குள்ள போயி வாசக்கதவை உள்பக்கம் தாழ்ப்பா போட்டுக்க. யாரு தட்டினாலும் திறக்காத. கதவை உடைக்கணும்னா கோர்ட்ல தனியா உத்தரவு வாங்கியாரணும். பொழுது சாஞ்சா வூட்டுக்குள்ள கால் வைக்கவே சட்டம் இல்ல. உன் வூட்டு ஆம்பளையை நாளைக்குக் காலையில வக்கீலப் பாத்துத் தவணை கேக்கச் சொல்லு. யாரு சொன்னான்னு கேட்டா..."

"நான் உங்களப் பாக்கவே இல்லம்மா," என்று அண்டாவைத் தூக்கினாள்.

அதன் பிறகு நான் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. வெயில் சாயச் சாய, கதவு திறக்காத கோபத்தில் இவர் ஏதாவது பேசி, கூட்டம் ஏதாவது செய்து... உலையில் அரிசியைப் போட மறந்தேன். விளக்கேற்றி ரொம்ப நேரம் கழித்துத்தான் சைக்கிள் சத்தம். முழங்கால் வரை சேறு. காது, கை, கால் எல்லாம் எண்ணிப் பார்த்தேன், இருந்தன.

"என்னங்க ஆச்சு?"

"உள்ள ஆள் இருக்கு, கதவு திறக்கல. கம்பும் கொடியுமா ஊரே சுத்தி நிக்குது. தட்டினேன், வாசல்லயே உக்காந்தேன். பொழுது சாஞ்சதும், சட்டப்படி இனிமே முடியாதுன்னு எழுதிக்கிட்டு எந்திரிச்சேன். கம்பு வச்சிருந்தவனே டார்ச் அடிச்சுப் பாலம் வரைக்கும் கொண்டாந்து விட்டான்." கால் கழுவிக்கொண்டே என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"யாரோ விவரம் தெரிஞ்சவங்க அந்தப் பொண்ணுக்குச் சொல்லியிருக்காங்க. நல்லாருக்கட்டும். கதவு திறந்திருந்தா நான் உள்ள போயிருப்பேன். போயிருந்தா வந்திருக்க மாட்டேன்."

இவர் தூங்கிவிட்டார், குழந்தையும் தூங்கிவிட்டது. அரபியில் என்ன, எபிரேயத்தில் என்ன, அமீனா என்றால் வீடு வந்து சேர்ந்துவிட்டவர் என்று இந்த ஒரு ராத்திரிக்கு நானே ஒரு அர்த்தம் வைத்துக்கொண்டு, எழுந்து போய் வாசல் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டேன்.