அத்தை பேசாத கன்னடம்

என் மாமியாரை நினைத்தால் முதலில் கண்ணுக்கு வருவது அவருடைய இடது தோள். அது வலதைவிடச் சற்று உயர்ந்தே இருக்கும், படுத்தாலும் இறங்காது. மத்திகிரியில் எங்கள் வாடகை வீட்டுச் சமையலறையில் அந்தத் தோளை அசைக்காமலே களி கிண்டுவார். ஓசூரில் டாக்டர்கள் படம் எடுத்துப் பார்த்துவிட்டு எலும்பில் ஒன்றுமில்லை என்றார்கள். கம்பெனியில் என்னோடு வேலை பார்த்த பெண்தான் பெங்களூரில் ஓர் ஆஸ்டியோபதி கிளினிக் இருப்பதாகச் சொன்னாள். ஊசி மாத்திரை கிடையாது, கையாலேயே தசையையும் மூட்டையும் தளர்த்துவார்கள் என்றாள்.

நான் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். எனக்கே சில வருடங்களில் கன்னடம் பழகிவிட்டது. கர்நாடக எல்லையோரப் பேரிகையில் பிறந்து வளர்ந்த அத்தைக்கு மட்டும் அது வராது. பால்காரர் கன்னடத்தில் கேட்டாலும் தமிழில்தான் பதில் சொல்வார். "புரியும் கண்ணு, பேச வராது" என்பார். எங்கள் தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே பேச்சில் கலந்து வரும். அதற்கு நடுவே அவர் ஒருவர் தமிழைவிட்டு நகராமல் இருந்தது எனக்கு அப்போது விநோதமாகப் படவில்லை.

கிளினிக் வரவேற்பில் இருந்த பெண் ஒருவருக்கு இந்தியிலும் இன்னொருவருக்குத் தெலுங்கிலும் பதில் சொல்லிவிட்டு, எங்களிடம் எந்த மொழியில் பேசட்டும் என்று கேட்டாள். "தமிழ்" என்று அத்தை அவசரமாகச் சொன்னார். டாக்டரம்மாவுக்கும் தமிழ் தெரிந்திருந்தது, கொஞ்சம் கன்னட வாடையோடு. அத்தையைப் படுக்கவைத்து, தோளுக்கு அடியில் ஒரு கையும் மேலே ஒரு கையும் வைத்து வெகுநேரம் அப்படியே இருந்தார். அழுத்தவோ திருகவோ இல்லை. அத்தை கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன். தோள் மெல்ல இறங்கத் தொடங்கியபோது அவர் வாய் திறந்தது.

"மகு மலகிதே. எப்பிஸபேடி."

குழந்தை தூங்குகிறது, எழுப்பாதீர்கள். பிசிறில்லாத கன்னடம். குரல் ஒரு சின்னப் பெண்ணின் குரல். டாக்டரம்மா கையை எடுக்காமல், குழந்தையின் பெயர் என்னவென்று கன்னடத்திலேயே கேட்டார். "கௌரி" என்றார் அத்தை. பிறகு கண்ணைத் திறந்து என்னைத்தான் பார்த்தார்.

திரும்பும் பஸ்ஸில், அத்திப்பள்ளி தாண்டித் தமிழ்நாட்டு எல்லைக்குள் வந்த பிறகே பேசினார்.

"உங்க மாமாவுக்கு முன்னாடி என்னை அந்தப் பக்கம் ஒரு கல்குவாரிக்காரங்க வூட்ல குடுத்திருந்தாங்க. பொண்ணு பொறந்துச்சு. காய்ச்சல். தோள்ல போட்டுக்கினு ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். வழியில ஒரு அம்மா தொட்டுப் பாத்துட்டு, எறக்கிடும்மான்னுச்சு. தூங்குது, எழுப்பாதீங்கன்னு சொல்லிட்டு நடந்துக்கினே இருந்தேன்."

அதன்பின் அந்த வீட்டில் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாமா எல்லாம் தெரிந்தே கட்டிக்கொண்டார். "உன் வூட்டுக்காரனுக்குத் தெரியாது. நீயும் சொல்லாத."

வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"லேசா இருக்குது கண்ணு. அதான் பயமா இருக்குது."

மறுபடி அங்கே வர அவர் சம்மதிக்கவில்லை. தோளும் பழையபடி ஏறிக்கொண்டது. ஆனால் வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது என்னிடம் கன்னடம் பேச ஆரம்பித்தார். உப்பு போதுமா, மழை வருமா, அவ்வளவுதான். வாசலில் என் கணவரின் வண்டிச் சத்தம் கேட்டால் தமிழுக்குத் திரும்பிவிடுவார்.

போன வருடம் அத்தை தவறிவிட்டார். சமையலறையில் தனியாக நிற்கையில் என்னையறியாமல் கன்னடத்தில் ஏதாவது கேட்டுவிடுகிறேன். கேட்டபின் பதிலுக்காக நிற்கவும் செய்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் கணவர் அதைக் கேட்டுவிட்டார்.

"யார்கிட்ட பேசுற?"

"யாருமில்ல, சும்மா."

அவர் பேப்பரை மடித்துவைத்தார். "அம்மாவும் இப்படித்தான். சின்ன வயசுல நான் தூங்கிட்டேன்னு நெனச்சு, தட்டிக் குடுத்துக்கினே கன்னடத்துல பேசும். அது என்கிட்ட பேசலன்னு எனக்கு அப்பவே தெரியும்."

"அத்தைகிட்ட கேட்டதில்லையா?"

"கேட்டா நிறுத்திடுமே."

நான் அடுப்பை அணைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவருடைய அக்காவின் பெயரைச் சொன்னேன்.