வீடு தேடி வந்த மண்

எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கும் கண்ணாடித் தொட்டியை என் கணவர் வாங்கி வந்தது எனக்குப் பொழுது போவதற்காக. போர்வெல் லாரியோடு வடக்கே போனால் அவர் திரும்பி வர மாதக்கணக்காகும். திருச்செங்கோட்டில் எத்தனையோ வீடுகளில் இதுதான் கதை. போன முறை கிளம்புவதற்கு முன் தொட்டியையும், சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சிவப்பு இறால்கள் கொஞ்சத்தையும் வாங்கி வைத்துவிட்டு, "இனி உனக்குப் பொழுது போறதே தெரியாது புள்ள" என்றார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். குழம்புக்கும் ஆகாத இறாலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

ஆனால் பார்க்கப் பார்க்கப் பிடித்துப்போயிற்று. வெறும் கண்ணாடித் தரையில் ஒளிய இடமில்லாமல் அவை நிறம் வெளுத்துக்கொண்டே வந்தபோது மனசு கேட்கவில்லை. சேலத்தில் வண்ணமீன் கடை வைத்திருப்பவரிடம் போனில் கேட்டேன்.

"அடியில மண்ணு போடோணுமுங்க. அதுக்குன்னு கறுப்பு மண்ணு இருக்குது, மெளகாட்டம் உருண்டை உருண்டையா. அது மேல இருந்தாத்தான் செவப்பு ஏறும். குருணையாட்டம் பொடுசும் இருக்குது, பெருசும் இருக்குது. நேர்ல வந்து கையில எடுத்துப் பாருங்க" என்றார்.

நேரில் வந்து! அதைக் கேட்டதும் எனக்குள் என்னவோ துள்ளியது.

நான் ஓமலூர்க்காரி. கல்லூரியில் படித்த வருடங்களில் தினமும் சேலத்துக்குத் தனியாக பஸ்ஸில் போய்வந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு ஒருமுறைகூடத் தனியாக பஸ் ஏறவில்லை. யாரும் பூட்டி வைக்கவில்லை. மாமியார் தங்கமானவர். கொடுமைக்காரியாக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். எங்காவது போய்வரட்டுமா என்று கேட்டால், "சும்மா எதுக்குச் சாமி வெயில்ல அலையற?" என்பார். அந்தச் 'சும்மா'வுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் செருப்பைக் கழற்றிவிடுவேன். இப்போது சொல்வதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. ஜன்னலோரம் உட்கார வேண்டும், சங்ககிரி தாண்டும்போது முகத்தில் காற்று அடிக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கணவரிடம் போனில் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "மண்ணை யாராச்சும் காசு குடுத்து வாங்குவாங்களா? நாங்க இங்க தெனமும் மண்ணைத்தான் வெளிய தள்ளிட்டு இருக்கறோம்!"

சொன்னதோடு விடவில்லை. லீவுக்கு ஊர் திரும்பிய ஆள்களிடம் ஒரு யூரியா சாக்கு நிறையக் கொடுத்தனுப்பினார். குழி போடும்போது வெளியே வரும் பாறைத்தூள் அது. போர் ஓட்டுகிறவர்கள் வீட்டைத் தவிர வேறெங்கும் இந்தக் கூத்து நடக்காது. பல தண்ணீர் விட்டு அலசித்தான் தொட்டியில் போட்டேன். மறுநாள் காலையில் தண்ணீரின் மேல், மழை பெய்த பஸ் ஸ்டாண்டுக் குட்டைபோல வானவில் மின்னியது. பாறையை உடைக்கும் ஹேமருக்கு விடும் ஆயில் தூளோடு கலந்து வந்திருக்கிறது. பாதி இறால்கள் வெந்ததுபோல வெளுத்துக் கிடந்தன. அள்ளி எடுக்கும்போது அழுதுவிட்டேன்.

"அய்யோ, ஆயிலை மறந்தே போயிட்டேன் புள்ள" என்றார் அவர். கோபப்படக்கூட முடியவில்லை, குரலில் அவ்வளவு வருத்தம்.

மிஞ்சியவற்றை நல்ல தண்ணீரோடு ஒரு வாளியில் விட்டேன். அதற்குள் அத்தை தோட்டத்துக்குப் போய் முறத்தில் புற்றுமண் அள்ளி வந்துவிட்டார். "இது சாமி மண்ணு, ஒரு கெடுதலும் பண்ணாது." சாமி மண்ணை வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? ஒரு டம்ளர் தண்ணீரில் கொஞ்சம் போட்டுக் காட்டினேன். கலங்கியது சாயங்காலம் வரைக்கும் தெளியவில்லை. அத்தை டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நீ சொல்ற மண்ணுத்தான் வேணுமாட்ட இருக்குது. வெள்ளிக்கெழமை போய்ட்டு வந்துரு சாமி."

அந்த வாரம் முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. எந்தச் சேலை என்று முடிவு செய்ததே ஒரு பெரிய வேலையாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் சமையலை முடித்து, தலைவாரி, கைப்பையை மாட்டிக்கொண்டு செருப்பைப் போட்டேன். வாசலில் பார்சல்காரர் பைக்கை நிறுத்தினார்.

ஆசையில் மண் விழுந்தது என்பார்கள். எனக்கு அது அட்டைப்பெட்டியில் கட்டி, பேர் எழுதி, வீட்டு வாசலிலேயே வந்து விழுந்தது. கணவர் தேடிப்பிடித்து ஆன்லைனில் வாங்கி அனுப்பியிருக்கிறார். சேலத்துக்காரர் சொன்ன அதே கறுப்பு மண். அத்தைக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"பாரு சாமி, மண்ணே ஊடு தேடி வந்துருச்சு! என்ற பையன் உன்னைய எப்படித் தாங்கறான் பாரு. போ, போய்ச் சீலையை மாத்திக்க."

மாற்றிக்கொண்டேன். மண்ணில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் ஆத்திரம். குருணையாகப் பார்த்து அனுப்பியிருந்தார். தொட்டியைத் தேய்த்துக் கழுவி, மண்ணைப் பரப்பி, தண்ணீர் பக்குவப்படும்வரை காத்திருந்து இறால்களை விட்டேன். கொஞ்ச நாளில் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டன. கண்ணாடியின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போய், முட்டித் திரும்பி வந்தன.

ஒரு நாள் போனில் கணவர் சொன்னார். "அந்த மண்ணு ஒரு வருசம் போனா சத்துப் போயிருமாமா. அதுதான் ரெண்டு மூட்டையா போட்டு உட்டேன். இன்னொண்ணு பரண்லயே இருக்கட்டும்."

"ஏனுங்க, நான் ஒரு நாளைக்குச் சேலம் போய்ட்டு வரட்டுங்களா?"

"என்னத்துக்கு?"

"சும்மாதானுங்க."

"சும்மா எதுக்குப் புள்ள அலையற? என்ன வேணும்னு சொல்லு, ஊட்டுக்கே அனுப்பி உடறேன்."

பாசமாகத்தான் சொன்னார். ஒன்றும் வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

பிறகு பரணில் இருந்த இரண்டாவது மூட்டையை இறக்கிக் கொல்லைக்குக் கொண்டுபோனேன். கத்தியால் கிழித்து, அடுத்த வருடத்து மண் அத்தனையையும் கறிவேப்பிலைச் செடியின் தூரில் கொட்டினேன். சத்தம் கேட்டு அத்தை எட்டிப் பார்த்தார்.

"என்ன சாமி பண்ற?"

"சும்மாதானுங்க அத்தை."