சீட்டில் எழுதாத கட்டி

முதல் பிள்ளை வயிற்றில் நான்கு மாதமாக இருந்தபோது, என் வலது தொடையின் பின்பக்கம் ஒரு கட்டி வந்தது. என் வயிற்றைப் பார்க்க வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். தொடையைப் பார்க்கத்தான் ஆளில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு நடந்த கதை இது. கணவர் ஆரணியில் பட்டு நெய்தார். நான் கம்பெனி பஸ்ஸில் செய்யாறு போய் ஷூ தைத்தேன். எலுமிச்சம்பழ அளவில் இருந்த கட்டி ஒரே மாதத்தில் சாத்துக்குடி ஆனது. வலிக்கவில்லை, அதனால் அதற்கு மரியாதையும் இல்லை.

"நாள் பூரா குந்திகினே வேல செஞ்சா ரத்தம் கட்டாதா?" என்று மாமியார் நல்லெண்ணெய் காய்ச்சினார். பிரசவம் பார்க்கும் டாக்டரம்மா தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "கொழுப்புக் கட்டிதான். டெலிவரிக்கு அப்புறம் பாத்துக்கலாம்." கர்ப்பிணி தலைவலி என்றாலும் அவருக்கு அதே பதில்தான்.

ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, ஸ்கேன் டாக்டர் கருவியைத் துடைக்கப் போனார். நான் திரும்பிப் படுத்துப் புடவையை ஒதுக்கினேன்.

"இதையும் கொஞ்சம் பாருங்க டாக்டர்."

"சீட்டுல வயிறுன்னுதாம்மா எழுதியிருக்கு."

"கட்டிக்குப் படிக்கத் தெரியாதுங்க. அது பாட்டுக்கு வளந்துகினு கீது."

அவர் சிரித்துக்கொண்டே கருவியை வைத்தார். வைத்ததும் சிரிப்பு நின்றது. இரண்டு முறை அளந்தார். வெளியே நின்ற என் கணவரைக் கூப்பிட்டு, "நாளைக்கே வேலூர் போங்க" என்றார். என்னிடமே சொல்லியிருக்கலாம். கட்டி என்னுடையதுதானே.

வேலூரில் ஊசியால் துளி சதை எடுத்துச் சோதித்தார்கள். "சார்கோமா" என்றார் பெரிய டாக்டர்.

"அப்பாடா, சக்கர வியாதிதானா!" என்று மாமியார் மூச்சு விட்டார்.

தசையில் வரும் புற்றுநோய், அதிலும் வேகமாகப் பரவும் வகை என்று டாக்டர் விளக்கியதும் உறவினர் கூட்டம் வராந்தாவில் மாநாடு போட்டது. கருவைக் கலைப்பதா, பிள்ளை பிறக்கும்வரை காத்திருப்பதா? நான் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. டாக்டர்தான் அவர்களை அனுப்பிவிட்டு என்னைக் கேட்டார். காத்திருந்தால் நுரையீரலுக்குப் போகலாம். இப்போதே அறுவை செய்யலாம். கதிர்வீச்சு மட்டும் பிரசவத்துக்குப் பிறகு என்றார். "எனக்குக் காலும் வேணும், புள்ளயும் வேணுங்க" என்றேன்.

தொடைச் சதையில் பெரும்பகுதி போனது. மயக்கம் தெளிந்ததும் ஒரு நர்ஸ் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கவைத்தார். அப்போதுதான் முதல்முறையாக அழுதேன்.

பிறகு, பிரசவத்துக்குள் மூன்று முறை புற்றுநோய் மருந்து ஏற்றினார்கள். முடி மொத்தமும் கொட்டியது. பார்க்க வந்த ஒருத்தி, "திருப்பதி மொட்டையா?" என்றாள். "அவ்ளோ தூரம் போவ முடியல, வேலூர்லயே குடுத்துட்டேன்" என்றேன்.

குழந்தை மாதம் நிறையுமுன்னே, சின்னதாக, தலை நிறைய முடியோடு பிறந்தது. "பொண்ணா?" என்றார் மாமியார், இவ்வளவு கஷ்டத்துக்கு ஒரு சலுகை கிடைக்குமென்று நினைத்தவர்போல. மருந்து தொடர்ந்ததால் தாய்ப்பால் கூடாது என்றார்கள். நான் கதிர்வீச்சுக்குப் போன நாட்களில் கணவர்தான் பால் பவுடர் கரைத்தார். தறியில் ஓர் இழை தப்பவிடாத மனிதர், அளவுக் கரண்டியோடு திணறினார்.

கட்டி திரும்பி வரவில்லை. ஆனால் கால் கொஞ்சம் நொண்டும். பிரசவத்தில் ஆனதா என்று பஸ்ஸில் கேட்பார்கள். "இல்லீங்க, கேன்சர்" என்றால், உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டு, மெல்லச் சொல்லும்படி எனக்குக் கையும் காட்டுவார்கள். அதனால் நான் இன்னொரு முறை சத்தமாகச் சொல்கிறேன்.