பாலத்துக் கம்பிக்கு ஸ்கேன்

கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுத்துக்கொண்டிருந்தவள், அந்த சென்டரை இழுத்து மூடிவிட்டதால் ஆற்றுப் பாலத்தின் பராமரிப்பு வேலைக்கு வந்து சேர்ந்தாள். இங்கேயும் காதுக்கு எட்டாத ஒலியோடுதான் பிழைப்பு. நாத்தனார் சும்மா விடுவாளா?

“ஏம்மா, கம்பி முழுகாம இருக்கா?”

“இருந்தா முதல்ல உங்ககிட்டதான் அண்ணி சொல்லுவேன்.”

உயரத் தூணிலிருந்து சாய்வாக இறங்கிப் பாலத்தைத் தாங்கும் ஒவ்வொரு வடத்துக்குள்ளும் பல முறுக்குகள்; ஒவ்வொரு முறுக்கும் சில கம்பிகளைச் சேர்த்துத் திரித்தது. அடியிலிருக்கும் இரும்பு மூடியைத் திறந்து, கிரீஸைத் துடைத்து, முறுக்கின் நுனியில் சென்சாரைப் பொருத்துவாள். ஒலி கம்பி வழியாகவே ஓடும். அறுந்த இடம் இருந்தால் மோதிக் கொஞ்சம் திரும்பி வரும். வர எடுத்த நேரத்தை வைத்துத் தூரம் சொல்லிவிடலாம். ஆனால் ஒட்டி உரசிக் கிடக்கும் கம்பிகளுக்குள் ஒலி ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும். அறுந்தது எது, எத்தனை என்பது லேசில் பிடிபடாது.

முதல் கோடையிலேயே ஒரு வடத்தில் கோளாறு என்றாள். பொறியாளர் பாலத்தை மூடினார். மேலுறையை வெட்டிப் பார்த்தால் கம்பிகள் புத்தம் புதுசாய் மின்னின. பாலத்தின் மேல் பஸ் ஓட்டும் அவள் கணவன், ஊரைச் சுற்றிப் போய் வந்த அலுப்பில் செருப்பைக் கழற்றும்போதே சொன்னான்: “பாசஞ்சர் எல்லாம் உன்னத்தான் திட்டுறாங்க. உன் புருஷன்னு தெரியாம எங்கிட்டயே திட்டுறாங்க.”

பழைய அலைப் பதிவுகளை எடுத்து வைத்து ஒப்பிட்டபோதுதான் அவளுக்கு விளங்கியது. ஒப்பிட வைத்திருந்த அளவு குளிர்காலத்தில் எடுத்தது; இவள் அளந்தது உச்சி வெயிலில். சூடான இரும்புக்குள் ஒலி சற்று மெதுவாகப் போகும். அந்த வித்தியாசத்தைத்தான் உடைப்பு என்று நம்பிவிட்டாள். பொறியாளரிடம் போய் ஒப்புக்கொண்டாள்.

“எனக்கும்தான் தோணல. நானும் பாத்துட்டுத்தானே சரின்னேன்,” என்றார் அவர்.

மழைக்காலம் முடிந்து, வேறொரு வடத்தில் சின்னதாய் ஓர் எதிரொலி வந்தது. சூடு கண்ட பூனை அல்லவா. உடனே வாயைத் திறக்கவில்லை. பழைய அளவு எடுத்த அதே குளிருள்ள காலையில் மறுபடி அளந்தாள். அப்புறம் தூணுக்குள் ஏணி பிடித்து ஏறி, மேல் நுனியிலிருந்தும் ஒலியை அனுப்பினாள். இரண்டு பக்கக் கணக்கும் ஒரே இடத்தைத்தான் காட்டின. இறங்கிப் பொறியாளரிடம் போனாள்.

“ஏதோ இருக்கு சார். எத்தனை கம்பின்னு என்னால சொல்ல முடியாது.”

“மூடிடலாமா?”

“மூடிடுங்க.”

உறையைப் பிளந்ததும் தண்ணீர் கொட்டியது. ஒரு கம்பி அறுந்திருந்தது. பக்கத்துக் கம்பியைத் துரு பாதி தின்றிருந்தது. அதற்காகப் பாலம் அன்றைக்கே விழுந்திருக்காது. ஆனால் விட்டிருந்தால் துரு பரவியிருக்கும். அந்த முறுக்கை மட்டும் உருவிப் புதிது கோத்தார்கள்.

அன்று கணவன் கேட்டது ஒன்றுதான்: “இந்தத் தடவை இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“அப்ப சுத்துனாலும் பரவால்ல.”

பாலம் திறந்த அன்று அவள் அடுத்த வடத்தின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஓர் உறைக்குள் தண்ணீர் போயிருந்தால் பக்கத்து உறையையும் நம்ப முடியாது.