நாரைத் தட்டு

எத்தெல்காவுக்கு அழத் தெரியாது என்று கிஷ்ஹோமோக் கிராமத்தில் எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். கோட்டையும் காடும் ஏரியுமாக வாழ்ந்த கெரெஸ்தால்மி பிரபு வம்சத்தின் ஒரே மகள், நாற்பது வயதில் போர்பாலா என்ற குடியானவப் பெண்ணின் வீட்டுப் பின்னறையில், கோழிக்கூண்டை ஒட்டி, நோயாளித் தகப்பனோடு குடியிருந்தாள். அவள் அழுகையை அடக்கிக்கொண்டிருக்கவில்லை. உள்ளே ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

அவள் பிறந்த அன்று, பெண் என்று கேட்டதும் அப்பா வேட்டைக்குக் கிளம்பிப் போய்விட்டாராம். வீட்டில் இதை வேடிக்கையாகச் சொல்வார்கள், அவளும் கூடச் சிரிப்பாள். பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளை போருக்குப் போய்த் திரும்பவில்லை. போர் முடிந்ததும் நிலத்தைக் கூறுபோட்டுக் கொடுத்தார்கள், கோட்டை டிராக்டர் கொட்டகையானது. புடாபெஸ்டில் கையுறை தைத்து அப்பாவைக் காப்பாற்றினாள். பிறகு ஒரு விடிகாலையில் போலீஸ் வந்து, தூக்க முடிந்ததை எடுத்துக்கொள் என்று சொல்லி, பழைய பிரபுக் குடும்பங்களையெல்லாம் சரக்கு ரயிலில் ஏற்றிக் கிராமங்களில் இறக்கிவிட்டது. ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது.

தூக்க முடிந்ததில் அப்பா எடுத்துக்கொண்டது ஒரு பீங்கான் தட்டு. நீலக் கரை, நடுவில் ஒற்றைக்காலில் நிற்கும் நாரை. அது வம்சத்தின் சின்னம். குடும்பத் தலைவர் மட்டுமே சாப்பிடுகிற தட்டு. எத்தெல்கா உருளைக்கிழங்கை உரித்து, மிளகாய்ப்பொடி போட்டு வேகவைத்து, அதில் வைத்துக் கொடுப்பாள். அவளுக்குப் போர்பாலாவின் தகரக் கிண்ணம்.

“உங்கப்பன் தட்டுல இருக்கற வாத்துக்கு ஒரு கால் நொண்டியாடி?” என்பாள் போர்பாலா.

“வாத்து இல்ல, போரி அத்தை. நாரை.”

“இருக்கட்டும். சீமாட்டி வீட்டு வாத்து, மெலிஞ்சு கெடக்கு.”

குளிர்காலக் கடைசியில் அப்பா படுத்த படுக்கையானார்.

“எத்தெல், நான்தான் கடைசி. எனக்கப்புறம் நம்ம வம்சத்துல யாரும் இல்ல. வழக்கம் தெரியுமில்ல?”

“தெரியும்ப்பா.”

கடைசி ஆண் செத்தால் அவனுடைய குழியில் சின்னம் பொறித்த குடும்பக் கேடயத்தை உடைத்து, பெயரைச் சொல்லி, இனி என்றும் இல்லை என்று அறிவிக்க வேண்டும். கேடயம் எந்தச் சந்தைக்குப் போனதோ.

“இந்தத் தட்டை ஒடைச்சிடு. சத்தியம் பண்ணு.”

“செய்யறேம்ப்பா. நீங்க தூங்குங்க.”

பழைய பட்டத்தையோ வம்சப் பெருமையையோ பொது இடத்தில் வாய்விட்டுச் சொன்னால் உழைப்பு முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள். அடக்கத்துக்குக் கான்ஸ்டபிள் கட்டாயம் வருவான். எத்தெல்கா பயப்படவில்லை. பயமும் இல்லாமல் போயிருந்தது. வாழ்க்கையில் அப்பா அவளிடம் கேட்ட ஒரே பெரிய காரியம் இது. இதிலும் தவறினால் தான் இருந்ததற்கே அர்த்தமில்லை என்று மட்டும் தெரிந்தது.

அப்பாவை அடக்கம் செய்த அன்று, பனி உருகிச் சேறான இடுகாட்டில் நாலைந்து பேர் நின்றார்கள். கோட்டுக்குள் தட்டை ஒளித்து வைத்திருந்தாள். பெட்டியை இறக்கியதும் முதல் ஆளாக அந்த மரத்தின்மேல் போட்டு உடைத்திருக்க வேண்டும். ஆனால் பெரிய வீட்டு வளர்ப்பாயிற்றே, விருந்தாளிகளை முந்தக் கூடாது! ஊர்ஜனம் ஒவ்வொருவராக மண்ணைப் போட்டு முடிக்கும்வரை மரியாதையாகக் காத்திருந்தாள். பிறகுதான் விளிம்புக்கு வந்தாள்.

“இன்று கெரெஸ்தால்மி. இனி என்றும் இல்லை.”

தட்டு விழுந்தது. ஈர மண்மேல் பொத்தென்று உட்கார்ந்தது. ஒரு கீறலும் இல்லை. நாரை அண்ணாந்து அவளைப் பார்த்தது.

“என்ன அது? என்ன சொன்னாங்க?” என்றான் கான்ஸ்டபிள்.

“தட்டு தம்பி, வேறென்ன? கெழவருக்குச் சாப்பாட்டுக்கு ஆகும்னு கூட அனுப்பறா. பட்டணத்துக்காரிக்கு வெவரம் பத்தாது,” என்று போர்பாலா அவனைத் தள்ளிக்கொண்டு வந்தாள். குழி வெட்டுகிறவன் மண்வெட்டியால் தட்டை ஏந்தி மேலே கொடுத்தான். அவள் அதைத் தன் பாவாடையில் துடைத்தபடி எத்தெல்காவின் காதருகே சீறினாள்.

“நல்ல தட்டை ஏண்டி சேத்துல போடறே?”

“வம்சம் முடிஞ்சுபோச்சு, அத்தை. அப்படிச் சொல்லி ஒடைக்கணும்.”

“முடிஞ்சுபோச்சா? அப்ப நீ யாரு, வேலிக்கம்பமா?”

எத்தெல்கா தட்டை வாங்கிக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை தட்டோடு கிணற்றடிக்குப் போனாள். கல்விளிம்பில் ஓங்கி அடித்தால் ஒரே அடியில் சத்தியம் தீர்ந்துவிடும். கையை ஓங்கினாள். “நம்ம வம்சத்துல யாரும் இல்ல.” அப்பாவின் அந்தக் குரல் காதில் கேட்டது. அதைச் சொன்னபோது அவர் வாயில் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தது அவள் கைதானே! அவர் கால் நகத்தைக்கூட அவள்தான் வெட்டிவிட்டாள். கோபம் வந்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு வந்த கோபம். ஓங்கிய கையை இறக்கினாள்.

“ஏய், யாரோ கெணத்தடியில நிக்கறாப்பல இருக்கே! சூப்பு ஆறுது, வா!” என்று போர்பாலா உள்ளேயிருந்து கத்தினாள்.

எத்தெல்கா தட்டைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் நீட்டினாள். போர்பாலா அதில் சூப்பை ஊற்றினாள். எத்தெல்கா குடித்து முடித்தாள். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினாள்.

அடுத்த வருஷம் ஊர் எல்லைத் தடை நீங்கியது. மற்ற பிரபுக்கள் விழுந்தடித்துக்கொண்டு பட்டணம் போனார்கள். அவள் போகவில்லை. கூட்டுப்பண்ணையில் மாடு கறந்தாள், போர்பாலாவை அடக்கம் செய்தாள், அன்றைக்கும் அழவில்லை. கடைசிவரை அதே தட்டில்தான் சாப்பிட்டாள். பால் வாங்க வருகிற யாராவது, “இது என்ன பறவைங்க?” என்று கேட்டால் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள்.

“வாத்து,” என்பாள்.